வண்டித் தடத்தில் நான்கு நாள்

மதுரையில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு விடுமுறை என்றால் கொடைக்கானல். மோட்டார் இல்லாதவர்களுக்கும் கொடைக்கானல்தான்; பஸ்ஸில். ஊரை விட்டு அரைமணி நேரம் கிழக்கே போய்த் தார் ரோட்டிலிருந்து இறங்கினால், இரண்டாயிரம் வருஷத்துச் சரித்திரம் பாறைமேல் வெயில் காய்ந்து கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்களை விரல் விட்டு எண்ணி விடலாம்.

இந்த வருஷம் எங்கள் கோஷ்டி அந்தப் பக்கம் புறப்படுவதென்று தீர்மானித்தது. ஒன்பது பேர், இரண்டு ஜீப், மூன்று இரவு, நான்கு பகல். இயன்ற மட்டும் தார் ரோட்டைத் தொடாமல், வண்டித் தடங்கள் வழியாகவே போய் வர வேண்டும்; இரவில் கூடாரம். ஒத்தக்கடை யானைமலையில் ஆரம்பித்து, திருவாதவூர், கீழவளவு, கருங்காலக்குடி, அரிட்டாபட்டி, மாங்குளம் என்று மேலூரைச் சுற்றி, அழகர்மலை அடிவாரத்தில் முடிகிற வட்டம் அது. நேர் ரோட்டில் சென்றால் ஒரே நாளில் பார்த்து விடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். பார்க்கலாம், கல்யாண வீட்டில் தாம்பூலம் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவதைப் போல!

பிரயாணத்திற்கு முதலில் வேண்டியது காலம். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்கள் பெருகிக் கலுங்கு வழியாக நீர் போகும். தடம் எது, வாய்க்கால் எது என்று தெரியாது. மேலூர்ப் பகுதி பெரியாற்றுத் தண்ணீரை நம்பி வாழும் பூமி. மலையாளக் கரைக்குப் போய்க் கொண்டிருந்த ஆற்றை 1895-இல் பென்னிகுயிக் முடித்த அணை இந்தப் பக்கம் திருப்பியது. அந்த நீர் வைகையில் இறங்கி, பேரணையிலிருந்து கால்வாயாகப் பிரிந்து இங்கே வருகிறது. ஒருபோக நெல் அறுவடையாகி, களத்துமேடு ஓய்ந்து, வயல் காய்ந்த பிறகுதான் அந்நியர் உள்ளே நுழைவது நியாயம். சித்திரையில் பாறை அடுப்பாகி விடும். ஆகவே மாசி மாதம் என்று முடிவாயிற்று.

அடுத்து, வழி. கைப்பேசியில் உள்ள தேசப்படத்தை நம்பிப் பயனில்லை என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே விளங்கி விட்டது. நாங்கள் மூவர் மோட்டார் சைக்கிளில் முன்கூட்டியே தடம் பார்க்கப் போயிருந்தோம். படத்தில் பாதை என்று மெல்லிய கோடு காட்டுகிற இடமெல்லாம் மாங்குளத்துப் பக்கம் கண்மாய்க் கரையாக இருந்தது. கரையில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தி விசாரித்தார். சமாசாரத்தைச் சொன்னோம்.

"நடந்து போங்க வாத்தியாரய்யா, தடுக்கலே. ஜீப்பைக் கரையிலே ஏத்தாதீங்க. சக்கரம் அழுத்துற பள்ளத்திலே மழைத்தண்ணி நிக்கும். நின்ன தண்ணி கரையை அறுக்கும். கரை போனா இந்தத் தாக்கு முழுக்கத் தரிசுதான்" என்றார்.

எஞ்சினீயரிங் காலேஜில் படித்தவர்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. மேலை நாடுகளிலும் நம் ராஜஸ்தானப் பாலைவனத்திலும் ரோட்டை விட்டு விலகி ஓட்டுவதை ஒரு வீர விளையாட்டாகவே நடத்துகிறார்கள். அங்கே வெறும் மணலும் வெளியும் உண்டு. மதுரைச் சீமையில் வெளி என்று ஒன்று கிடையாது. கரை, மடை, வரத்துக்கால், களம், மந்தை, கோயில்காடு என்று ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு பெயரும் ஒரு வேலையும் உண்டு. ஆகவே எங்கே ஓட்டுவது என்பதைவிட எங்கே ஓட்டக்கூடாது என்பதைத் தீர்மானிப்பதிலேயே எங்கள் யோசனையில் பெரும்பகுதி செலவாயிற்று.

இதில் கோஷ்டிக்குள் சச்சரவு வராமல் இல்லை. ஜீப்பின் சொந்தக்காரர் ஒருவருடைய மருமகப் பிள்ளைக்கு, அரிட்டாபட்டியில் கழிஞ்சமலைப் பாறைச் சரிவில் வண்டியை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. "நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி மாமா, ஜம்மென்று ஏறும்" என்றார். ஏறும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது எந்தப் பாறை?

அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள். அவற்றின் மடியில் குடைவரைச் சிவன் கோயில். அருகே லகுலீசர் சிற்பம். மறுபுறம் சமணச் சிற்பமும் பழந்தமிழ்க் கல்வெட்டும். பாறையில் வழியும் மழைநீர் சுனைகளாகவும் கண்மாய்களாகவும் தேங்குகிறது. ராஜாளி இனங்கள் உள்பட இருநூற்றைம்பது வகைப் பறவைகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரை, 2022 நவம்பரில் சர்க்கார் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. இரண்டே வருஷம் கழித்து, 2024 நவம்பரில், இதையும் உட்கொண்ட பெரும் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் வெட்டுவதற்கான ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. கிராமங்கள் கிளர்ந்தெழுந்தன. சட்டசபை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி விவசாயிகள் திரள் திரளாக மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு ஊர்வலம் வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. அப்படிக் காத்த பாறையில் நம்முடைய ரப்பர்ச் சக்கரத்தின் கறுப்புத் தடத்தைப் பதித்து வருவதா? மருமகப் பிள்ளை வெகுநேரம் மௌனமாயிருந்தார். ஊருக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டிகளை நிறுத்துவதென்றும் அங்கிருந்து நடப்பதென்றும் குறிப்பேட்டில் எழுதினோம். அவரே எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கீழவளவு விஷயம் வேறு. அங்கே பாண்டவர் படுக்கை என்று ஜனங்கள் சொல்லும் குன்று நிற்கிறது. அதைச் சுற்றிய பூமியைக் கிரானைட் குவாரிகள் குடைந்து விட்டன. உயர்நீதிமன்றம் 2014-இல் சகாயம் அவர்களை விசாரணைக்கு நியமித்ததும், மறு வருஷம் அவர் அறிக்கை கொடுத்ததும் நேயர்கள் அறிந்ததே. கைவிடப்பட்ட பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் ஆழம் தெரியாமல் நிற்கிறது. வேலி எல்லா இடத்திலும் இல்லை. அந்தப் பகுதியில் மாலை ஐந்து மணிக்குமேல் சக்கரம் உருளக்கூடாதென்பது எங்கள் கண்டிப்பான விதி.

இரவுத் தங்கலுக்குக் குகைத்தளங்களை யாரும் நினைக்க வேண்டாம். அவை தொல்லியல் இலாகாக்களின் பாதுகாப்பில் உள்ளவை. ஒரு வேளைச் சமையலின் புகைகூடக் கல்வெட்டைக் கெடுக்கும். அழகர்மலையோ காப்புக்காடு, வன இலாகாவின் அனுமதியோடு பகலில் பார்க்கலாம், தங்க முடியாது. நாங்கள் தேர்ந்தது தென்னந்தோப்பு ஒன்றும், அறுவடை முடிந்த களங்கள் இரண்டும். மேலூர்ச் சீமையில் ஊர்ப் பெரியவரை அம்பலம் என்பார்கள். அவரை நேரில் கண்டு, வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டோம். எந்த ஊரிலும் இல்லை என்ற சொல் வரவில்லை; "வந்தால் சாப்பிட்டுத்தான் போகணும்" என்ற நிபந்தனைதான் எங்கள் சமையல் கணக்கைக் குழப்பியது.

குகைகளில் படுக்கக் கூடாது என்றாலும், முகாம் போடுவதை அங்கேதான் படிக்க வேண்டும். கற்படுக்கைகளைத் தலைமாட்டில் சற்றே உயர்த்தி வழவழப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறது. மழை உள்ளே வழியாமல் வெளியே சொட்டி விடும். கூடாரத்தைச் சுற்றி நாம் வாய்க்கால் வெட்டுவதும் இதே யுக்திதான். மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டார், 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இவ்வகை எழுத்துக்களின் பாஷை தமிழே என்று எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் பெயரும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் கூட்டத்தார் பெயரும் அங்கே உள்ளன. அழகர்மலைக் குகையில் மதுரைப் பொற்கொல்லன், உப்பு வாணிகன், சர்க்கரை வாணிகன், கொழு வாணிகன், துணி வாணிகன் என்று வரிசையாகப் பெயர் வெட்டியிருக்கிறது. துறவிகளுக்கு ஆளுக்கொரு பங்காகத் தருமம் செய்தவர்கள்! எங்கள் கோஷ்டியின் சந்தா ஜாபிதாவை இதற்கு முன் யாரும் இவ்வளவு கௌரவமாக நினைத்ததில்லை.

சாமான்களைப் பற்றி நீட்ட வேண்டாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், குளிப்பு பம்ப்செட்டில். முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு அரிசி, பருப்புப் பொடி, ஸ்டவ் அடுப்பு, விறகு ஒடிப்பதில்லை. சீமைக்கருவேல முள் டயரைத் துளைப்பதில் நிகரற்றதாகையால் ஜீப்புக்கு இரண்டு உபரிச் சக்கரமும் காற்றடிக்கும் பம்பும். கூடாரத்துக்கு வெளியே கழற்றி வைத்த செருப்பைத் தட்டாமல் காலில் போடக் கூடாது, தேள் உண்டு. பாம்பு தீண்டினால் மந்திரிக்க ஓடாமல் நேரே மேலூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி. அந்த இரவுகளில் ஒரு ஜீப் எப்போதும் ரோட்டைப் பார்த்து, பெட்ரோலோடு நிற்கும். குப்பை முழுவதும் சாக்கில் திரும்பி வரும்.

மாசி முதல் வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒத்தக்கடையில் கூடுகிறோம். நரசிங்கம் குடைவரையில், 770-ஆம் ஆண்டில் பாண்டிய மந்திரி மாறன் காரி தொடங்கித் தம்பி மாறன் எயினன் முடித்த சந்நிதியில், முதல் தரிசனம். மாங்குளத்துப் பெரியவருக்கு ஒரு கட்டு வெற்றிலை தனியாக வாங்கி வைத்திருக்கிறது.