கெர்னலின் தனிக்குடித்தனம்

மெல்ட்டௌன் ஞாபகம் இருக்கா மக்களே? 2018 ஜனவரி 3-ஆம் தேதி வெளியே வந்த சமாச்சாரம். பொட்டி தட்டுற ஜனங்க பாதி பேர் அந்த வாரம் தூங்கியிருக்க மாட்டாங்க. நான் அப்போ காலேஜ்ல மூணாவது வருஷம், நல்லா தூங்கினேன் :-) நம்ம தூக்கம் போனது மார்ச்ல, தேவிகாபுரத்துல இருந்து மாமா போன் பண்ணப்போ.

"இன்னா மாப்ள, அப்டேட்டு போட்டதுல இருந்து பொட்டி நகரவே மாட்டேங்குது. இதைத்தான் காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா?"

மாமாவுக்கு ஊர்ல டிசைன் கடை. ஆரணி பட்டுன்னு கடைகள்ல விக்கிற சேலைங்க எங்க ஊர்லயும் நெய்யறதுதான். பார்டருக்கும் முந்திக்கும் கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டு, ஜக்கார்டுக்கு அட்டை குத்திக் குடுக்கறது அவர் தொழில். பொட்டி ஒரு பழைய கோர் 2 டுவோ, 4 ஜிபி ராம், 64-பிட் விண்டோஸ் 7. வரையறப்போ ஒண்ணும் தெரியல. நூத்துக்கணக்குல டிசைன் இருக்கற போல்டரைத் திறந்தாலோ, சேவ் பண்ணாலோதான் இழுத்துச்சு. இந்த வித்தியாசத்துலதான் விஷயமே இருக்கு.

கோப்பைத் திறக்கணும், நெட்டுல ஏதாவது அனுப்பணும்னா எந்த ப்ரோகிராமும் கெர்னல்கிட்டதான் போய் நிக்கணும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை. அதனால ரொம்ப வருஷமா ஒரு வசதி பண்ணி வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு ப்ரோகிராமோட பேஜ் டேபிள்லயும் கெர்னலோட மெமரியும் சேர்ந்தே இருக்கும். 'நீ தொடக்கூடாது'ன்னு ஒரே ஒரு பிட்தான் காவல்.

மாமாவுக்கு நான் சொன்ன மாதிரியே சொல்றேன். ஒரு பேச்சுக்கு, முதலாளி தன்னோட ஜரிகையை எல்லாம் ஒவ்வொரு நெசவாளி வீட்டுலயும் பூட்டின பெட்டியில வெச்சிருக்கார்னு வெச்சுக்கங்க. ஜரிகை தீர்ந்தா அவரே வந்து திறந்து குடுப்பார், தறி நிக்காது. முதலாளி வீட்டுலயே வெச்சிருந்தா பத்திரம்தான். ஆனா ஒவ்வொரு கட்டைக்கும் தறிக்குழியை விட்டு எழுந்து தெருக்கோடி வரைக்கும் நடக்கணும்.

ப்ராசஸர் ஒரு அவசரக்குடுக்கை. அனுமதி இருக்கான்னு பார்த்து முடிக்கறதுக்குள்ள பெட்டியில இருக்கறதை எடுத்து வேலையை ஆரம்பிச்சுடும். அப்புறம் 'அய்யய்யோ, அனுமதி இல்லையே'ன்னு எல்லாத்தையும் அழிச்சுடும். ஆனா கேஷ்ல தடம் மிச்சம் இருக்கும். எந்த முகவரி சீக்கிரம் வருது, எது மெதுவா வருதுன்னு நேரத்தை அளந்தே பெட்டிக்குள்ள இருந்ததைச் சொல்லிடலாம். இதுதான் மெல்ட்டௌன். கண்டுபிடிச்சவங்க எழுதின கட்டுரையிலேயே நொடிக்கு 503 கிலோபைட் வரைக்கும் படிச்சதா இருக்கு. லினக்ஸ் கெர்னல் மொத்த ராமையும் தன் பக்கம் மேப் பண்ணி வெச்சிருக்கறதால, பக்கத்து ப்ரோகிராமோட பாஸ்வேர்டும் சேர்ந்து வந்துடும்.

தீர்வு? தனிக்குடித்தனம். ப்ரோகிராம் ஓடறப்போ ஒரு பேஜ் டேபிள், கெர்னல் ஓடறப்போ இன்னொண்ணு. ப்ரோகிராமோடதுல கெர்னலுக்குள்ள நுழையற வாசல்படி மட்டும்தான் இருக்கும். ஆஸ்திரியாவுல கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆளுங்க 2017-லேயே கெய்ஸர்னு இதை வேற ஒரு ஓட்டையை அடைக்கறதுக்காக எழுதியிருந்தாங்க. அதுதான் பேர் மாறி லினக்ஸ் 4.15-ல வந்தது.

மெமரி செலவைக் கேட்டா சிரிப்பீங்க. லினக்ஸ்ல ப்ராசஸுக்கு 4 கிலோபைட் கூடுதல், மொத்தத்துக்கும் சேர்த்து இன்னொரு 2 எம்பி. 200 ப்ராசஸ் ஓடினாலும் 3 எம்பியைத் தாண்டாது. உண்மையான செலவு நடையிலதான். உள்ளே போறப்போ ஒரு தடவை, வெளியே வர்றப்போ ஒரு தடவை பேஜ் டேபிளை மாத்தணும். பழைய ப்ராசஸர்ல ஒவ்வொரு மாத்தலுக்கும் டிஎல்பியில இருக்கற முகவரி எல்லாம் காலி. பிசிஐடின்னு ஒரு வசதி இருந்தா காலி பண்ண வேண்டாம். இன்டெல்ல அது 2010-ல வந்தது. மாமாவோட கோர் 2-ல கிடையாது. 'விண்டோஸ் 7, பழைய ப்ராசஸர்னா பெரும்பாலானவங்களுக்கு மெதுவாகறது தெரியும்'னு மைக்ரோசாஃப்ட்டே அந்த ஜனவரியில ஒத்துக்கிச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச கிளைக்கதை ஒண்ணு. இதே சுவரை 2003-லேயே இங்கோ மோல்னார் லினக்ஸுக்கு எழுதியிருந்தார். அப்போ பாதுகாப்புக்காக இல்ல, இடம் பத்தாம! 32-பிட்ல முகவரி மொத்தமே 4 ஜிபி. 3 ப்ரோகிராமுக்கு, 1 கெர்னலுக்குன்னு பாகப்பிரிவினை. 64 ஜிபி ராம் போட்டா, ஒவ்வொரு பக்கத்துக்கும் கணக்கு எழுத 32 பைட்னு வெச்சாலே 512 எம்பி. கெர்னல் பங்குல பாதி கணக்கு நோட்டுக்கே போச்சு. அதனால ஆளுக்கு 4 ஜிபின்னு பிரிச்சார். ரெட்ஹாட் அதை ஹியூஜ்மெம்னு குடுத்துச்சு. பிரதான லினக்ஸ் 'மெதுவாகுது'ன்னு சேர்த்துக்கல. 64-பிட் வந்ததும் எல்லாரும் மறந்துட்டாங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு அதே செலவை எல்லார் தலையிலயும் கட்டினாங்க.

சரி, மாமா பொட்டிக்கு வருவோம். அப்டேட்டை எடுத்துடலாமான்னு நான் முழிச்சிட்டிருந்த அதே மார்ச்ல இன்னொரு குண்டு. விண்டோஸ் 7-க்கு ஜனவரியில வந்த பேட்ச்சே பெரிய ஓட்டைன்னு உல்ஃப் ஃப்ரிஸ்க் கண்டுபிடிச்சார். பேஜ் டேபிளையே எந்த ப்ரோகிராமும் படிக்கலாம், எழுதலாம்னு ஒரு பிட்டைத் தப்பா போட்டுட்டாங்களாம். கேஷ் தடம் எல்லாம் தேடவே வேண்டாம், பெட்டியே திறந்து கிடந்தது. மார்ச் 29-ல அவசரமா சரி பண்ணாங்க.

அப்போதான் உட்கார்ந்து யோசிச்சேன். மாமாகிட்ட திருட என்ன இருக்கு? டிசைன். ஒரு முந்தி டிசைன் வெளிய போச்சுன்னா அடுத்த வாரமே வேற ஊர் தறியில ஏறிடும். ஆனா அதைத் திருட மெல்ட்டௌன் எதுக்கு? மாமா பேர்லயே ஓடற எந்த திருட்டு ப்ரோகிராமும் அந்தக் கோப்பை நேராவே திறக்கலாமே! இந்தச் சுவர் ரொம்பத் தேவைப்படறது ரெண்டு இடத்துல. முகம் தெரியாத பல பேர் ஒரே மெஷினைப் பங்கு போடற கிளவுட், கண்ட தளத்தோட ஜாவாஸ்கிரிப்டையும் ஓட்டற ப்ரௌசர். கிளவுட்காரங்ககிட்ட பிசிஐடி இருக்கற ப்ராசஸர் இருக்கு, அவங்களுக்கு நடை கம்மி. அந்தச் சுவர் அவ்வளவா தேவைப்படாத பழைய ஒத்தைப் பொட்டிக்காரருக்குத்தான் நடை ஜாஸ்தி. எனக்கு இது இன்னமும் உறுத்துது.

ப்ராசஸரே அவசரப்படாம இருந்தா? 2013-க்கு முந்தின ஆட்டம் ப்ராசஸருக்கு மெல்ட்டௌன் கிடையாது. நம்ம சென்னை ஐஐடி சக்தி ப்ராசஸர்ல சி-கிளாஸும் வரிசை மாறாம வேலை செய்யற ரகம்தான். ஆனா அதுக்கும் விலை வேகம்தான். அது தனிப் பதிவு.

கடைசியில மாமாகிட்ட சொன்னேன்: "மாமா, ஒண்ணு நெட்டு, இல்ல வேகம். இந்தப் பொட்டியில ரெண்டும் வேணாம்."

"நெட்டு இல்லாம பார்ட்டிக்கு எப்படிடா டிசைன் அனுப்பறது?"

ரெண்டு நாள் சண்டை. அப்புறம் ஆரணி போய் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஏஎம்டி பொட்டி வாங்கினோம். ஏஎம்டிக்கு மெல்ட்டௌன் இல்ல, அதனால இந்தச் சுவரும் தேவையில்ல. மெயில், ப்ரௌசர் எல்லாம் அதுல. டிசைன் பொட்டியில நெட் வயரைப் பிடுங்கிட்டு, ரெஜிஸ்ட்ரியில சுவரையும் அணைச்சேன். போல்டர் பழையபடி டக்குன்னு திறந்துச்சு. நடுவுல பென்டிரைவ் எடுத்துட்டு நடக்கறது மாமாதான். "கம்ப்யூட்டர் நடக்க வேண்டிய நடையை என்னை நடக்க வெச்சிட்டான்"னு இன்னிக்கும் அத்தைகிட்ட சொல்லிட்டுத் திரியறார்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு ஆபீஸ் சர்வர்ல போய் அணைச்சு வெச்சீங்கன்னா கம்பெனி பொறுப்பல்ல. வீட்டுல பழைய பொட்டி வெச்சு அணைச்சுப் பார்த்தவங்க, எவ்வளவு வித்தியாசம் தெரிஞ்சதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.