பல் கறுக்காத தண்ணீர்

புரட்டாசி கடைசி சனி, இரவு. ஓசூர்

காலையில் பெருமாளுக்குத் தளிகை போட்டாயிற்று. மாதம் முடிய இன்னும் சில நாள்தான்.

சாயங்காலம் டெப்ரெசனில் இருக்கும் மகள் பேசினாள். ஹங்கேரிக்குப் படிக்கப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று தோழிகளோடு ஹைதூசோபோஸ்லோவுக்குப் போயிருக்கிறாள்; டெப்ரெசனிலிருந்து இருபது கிலோமீட்டர் தூரம். 1925-இல் எரிவாயு கிடைக்குமா என்று அங்கே பூமியைத் துளைத்தார்களாம். 1,091 மீட்டர் ஆழத்திலிருந்து 73 டிகிரி சூட்டில் வெந்நீர் வந்தது. அதிலிருந்து அது குளியல் ஊர். இப்போது இலையுதிர்காலம், சாப்பாட்டுத் திருவிழா. முக்காலியில் தொங்கும் கொப்பரையில் ஆற்றுக் கெண்டையைப் போட்டு, மிளகாய்ப்பொடியைக் கொட்டிக் கொதிக்க விடுவதை வீடியோவில் காட்டினாள். "அப்பா, நம்ம ஒகேனக்கல் மீன்குழம்பு நிறம்தான். புளி மட்டும் இல்ல."

அந்தச் சிவப்புக்கு ஒரே பூர்வீகம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. நமக்குப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள், ஹங்கேரிக்குத் துருக்கியர் ஆண்ட காலத்தில் போய்ச் சேர்ந்தது.

என் அம்மா போனை வாங்கி, அந்த ஊர் வெந்நீர்க் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி பறக்கும் மஞ்சள் கலந்த தண்ணீரில் கழுத்தளவு உட்கார்ந்திருந்த கிழவிகள் எல்லாருக்கும் அவள் வயதுதான் இருக்கும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்னையும் ஒருநாள் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போடா" என்றாள்.

ஐப்பசி முதல் ஞாயிறு, காலை. அஞ்செட்டி

நான்கு மணிக்கே கிளம்பியிருக்கலாம். ஆனால் தேன்கனிக்கோட்டை தாண்டிய காட்டுச் சாலையில் இருட்டில் போகக் கூடாது. ராகி கதிர் முற்றும் சமயம். பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் தளி, ஜவளகிரி வழியாக இறங்குவது இந்த மாதங்களில்தான். வயலோரப் பரண்களில் இரவெல்லாம் விழித்தவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கி வருவதைப் பார்த்தோம்.

டீக்கடையில் நிறுத்தியிருக்கிறோம். பக்கத்தில் ஒரு வேன் நிறைய சிப்காட் தொழிற்பேட்டைப் பிள்ளைகள். சனிக்கிழமை ஷிப்டு முடித்து அப்படியே கிளம்பியவர்கள் என்று சட்டையிலிருந்த கம்பெனிப் பெயரே சொன்னது. புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாதவர்களுக்கு இன்று முதல் ஞாயிறு. எவரும் நாள் குறித்து, பந்தல் போட்டு, அறிவிக்காத திருவிழா இது. ஆனாலும் ஒகேனக்கல் மீன் கடைகளில் இன்றைய கூட்டத்தை யாரும் தடுக்க முடியாது. வெள்ளம் மட்டும் தடுக்கும். அதனால்தான் நேற்று ராத்திரி செய்தியில், காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவின் கனஅடிக் கணக்கை இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். நீர்வரத்து குறைந்திருக்கிறது, குளிக்கத் தடையில்லை.

அதே நாள், பிற்பகல். ஒகேனக்கல்

புகையும் கல் என்று கன்னடத்தில் பேர் வைத்தவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். அம்மா நடைபாதையில் நின்று அந்தச் சாரலை முகத்தில் வாங்கினாள். ஐப்பசியில் காவிரியில் முழுகினால் கங்கையில் முழுகிய புண்ணியம் என்பது அவள் நம்பிக்கை. கடைசியாக வந்தது அப்பா இருந்தபோது.

முதலில் எண்ணெய். பாறையோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மசாஜ்காரர்கள் தலையில் ஆரம்பித்துக் கால் விரல் வரை உருவிவிடுவார்கள். முப்பது வருஷம் லேத்திலும் பிறகு சிஎன்சியிலும் நின்ற என் வலது தோளை அந்த மனிதர் தொட்டதுமே, "மெசின் வேலையா?" என்றார். முட்டி, இடுப்பு, கழுத்து எது போயிருக்கிறதோ அதை வைத்து ஆள் என்ன வேலை பார்க்கிறான் என்று சொல்லிவிடுகிறார்கள்.

அம்மாவைப் பெண்கள் பக்கம் விட்டிருந்தேன். திரும்பி வந்தபோது, எண்ணெய் தேய்த்த பெண் அவள் காலை மடக்கப் பார்த்து, மடங்காமல் விட்டுவிட்டு, மெதுவாக நீவிக்கொண்டிருந்தாள். "அம்மா பாலக்கோடு பக்கமா?" என்று என்னைக் கேட்டாள். எப்படித் தெரியும் என்றேன். "காலு சொல்லுதேண்ணா. எங்க ஆயாவுக்கும் இப்படித்தான்."

எனக்கு அந்த அடையாளம் பல்லில். எங்கள் ஊரில் கிணறு வற்றியபின் போர் போட்டுக் கைப்பம்பு வைத்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, ஊரே கொண்டாடியது. அந்த ஆழத்துப் பாறையில் புளோரைடு இருக்கிறது, பாறையிடுக்கில் வெகுகாலம் கிடக்கும் நீரில் அது கரைந்து சேர்கிறது என்று யாருக்குத் தெரியும்? லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது. பல் உருவாகும் சின்ன வயதில் குடித்தால் அதில் பழுப்புக் கோடு விழும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். எனக்குப் பல்லோடு போயிற்று. அம்மா வயலில் வேலை செய்து, தாகத்துக்கு அதையே குடம் குடமாகக் குடித்தவள்.

அவளைக் கைத்தாங்கலாக அருவியின் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். முதுகில் தண்ணீர் விழுந்ததும் வாய் திறந்து சிரித்தாள். பல் தெரியச் சிரிக்கிறவள் இல்லை அவள்.

பிறகு மீன். கட்லாவும் ஆராலும் வாங்கி, ஆற்றங்கரையில் சமைத்துத் தரும் அக்காவிடம் கொடுத்தோம். விறகடுப்பு, மண்சட்டி, அம்மியில் அரைத்த மசாலா. கட்லா தலையைக் குழம்பிலும் நடுத்துண்டைத் தோசைக்கல்லிலும் போட்டார். ஆரால் எலும்பு உறுத்தாத மீன், அது அம்மாவுக்கு. சோற்றோடு களி உருண்டையும் கேட்டு வாங்கினேன். குழம்பில் களியைத் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். அம்மா மூன்று உருண்டை சாப்பிட்டாள். பரிசல் ஏற ஆசைப்பட்டாள், கால் மடங்காதே என்று நானேதான் வேண்டாம் என்றேன். அது இப்போது எழுதும்போதும் வலிக்கிறது.

திங்கள், இரவு. ஓசூர்

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. நிறைந்துகொண்டிருந்த குடத்தைப் பார்த்தபடி அம்மா, "நேத்து குளிச்ச தண்ணியாடா இது?" என்றாள்.

அதேதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி, எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் யோசித்துப் போன நாட்கள் அவை. ஜப்பான் கடனுதவியோடு வேலை நடந்து 2013-இல் தண்ணீர் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் புளோரைடு இல்லாத தண்ணீர் கொடுப்பதுதான் நோக்கம். ஓசூர் அந்த ஆற்றுமட்டத்துக்கு 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அத்தனை மேட்டுக்கும் படிப்படியாகப் பம்ப் பண்ணி ஏற்றுகிறார்கள். மெசினோடு வாழ்ந்தவன் என்பதால் அந்த மோட்டார்களை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும். முப்பது வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டிய தண்ணீர் என்ற கோபமும் கூடவே வரும்.

ராத்திரி மகள் பேசினாள். ஆற்றங்கரைப் படங்களைப் பார்த்து, "ஆயா, நீ சிரிக்கிற!" என்று கத்தினாள். ஹங்கேரியில் சில ஊற்றுத் தண்ணீரை வைத்தியமாகக் குடிக்கவும் செய்வார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அம்மா சட்டென்று போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பூமிக்குள்ள இருந்து வர தண்ணியா? நீ குடிக்காத கண்ணு. குளிச்சுக்கோ, எவ்வளவு வேணா குளி. குடிக்கணும்னா மொதல்ல அந்த ஊருப் புள்ளைங்க பல்லைப் பாத்துட்டுக் குடி."