பதினாறாவது இடம்

பந்தயத்தில் 16-ஆவதாக வந்த ஒருவரைப் பற்றிச் சில வார்த்தைகள். 2008 ஆகஸ்டில், பெய்ஜிங்கில், ஒலிம்பிக்கின் முதலாவது பெண்கள் 10 கிலோமீட்டர் நீச்சல் நடந்தது. முதலில் வந்தவர் ரஷ்யாவின் லரிசா இல்சென்கோ. அவருக்கு 1 நிமிஷம் 22 விநாடி பின்னால் வந்தவர் தென்னாப்பிரிக்காவின் நட்டாலி து டோய். இவருக்கு இடது கால் முழங்காலோடு போய்விட்டது. முதல் ஐந்து பேருக்குள் வர எண்ணியிருந்த இவருக்கு 16-ஆவது இடம் திருப்தி தரவில்லை. இந்த அதிருப்தியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

2001 பிப்ரவரியில், கேப் டவுனில், நீச்சல் பயிற்சி முடித்து ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும்போது கார் மோதியது. அப்போது வயது 17. மூன்று மாதத்தில், மறுபடியும் நடக்கத் தொடங்கும் முன்பே, தண்ணீரில் இறங்கிவிட்டார். அடுத்த வருஷம் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில், இரண்டு கால் உள்ளவர்களோடு 800 மீட்டர் பந்தயத்தின் இறுதிச் சுற்றுக்கு வந்தார்.

நீச்சல் குளத்தில் கால் இல்லாததன் நஷ்டம் மிக ஸ்தூலமானது. குதிக்கும்போது மேடையை உதைக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பக்கத்துத் தடத்துக்காரி இரண்டு காலால் உதைப்பாள். தவிரவும், ஒரு கால் மட்டும் அடித்தால் உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பும். அதைக் கையும் இடுப்பும் ஒவ்வொரு வீச்சிலும் நேராக்கிக்கொண்டே இருக்க வேண்டும். திறந்த நீரில் சுவர் கிடையாது. நெடுந்தூர நீச்சலில் கையின் வேலை அதிகம், காலின் வேலை குறைவு. ஆகவே அவர் அங்கே போனார். 2008 மே மாதம் செவில் நகரில் நடந்த உலகப் போட்டியில் நாலாவதாக வந்து பெய்ஜிங்குக்குத் தகுதி பெற்றார். செயற்கைக் கால் வைத்துக்கொண்டு நீந்தவில்லை. அவருக்காகத் தூரத்தையோ நேரத்தையோ யாரும் மாற்றவுமில்லை. தன்னுடைய உடம்பு இப்போது எங்கே போட்டியிட முடியும் என்று கண்டுபிடித்து, அங்கே மற்றவர்களுக்கு உள்ள அளவுகோலைத் தனக்கும் வைத்துக்கொண்டார்.

நம் வாரப் பத்திரிகைகளுக்கு இப்படிப்பட்டவர்கள் தன்னம்பிக்கைத் துணுக்குகள். ஹங்கேரியின் கரோலி டகாக்ஸ் அவற்றுக்கு இன்னும் வசதியானவர். 1938-இல் வெடிகுண்டில் வலது கை சிதைந்து, இடது கையால் சுடக் கற்றுக்கொண்டு, 1948-இலும் 1952-இலும் துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். கதை தங்கத்தில் முடிகிறது. படிப்பவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பலாம். 16-ஆவது இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ‘ஒரு காலோடு 16-ஆவதா, ஆஹா’ என்கிறார்கள். அவரோ ஐந்துக்குள் வரவில்லையே என்கிறார். இருவரும் வெவ்வேறு பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது.

என் பெரியப்பா மகன் ஒருவர், அண்ணன் என்பேன், பூப்பந்து ஆடுவார். முன்வரிசையில் நின்று அவர் வெட்டுகிற பந்துக்கு எதிர்ப்பக்கம் வாய்விட்டுத் திட்டும். லாரி ஏறி வலது கால் போயிற்று. ஒரு வருஷம் கழித்துக் கட்டைக் காலோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து எதிர்ப்பக்கம் அவர் கைக்கே மெத்தென்று பந்தை அனுப்பியது. அவர் எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் கைதட்டல், திட்டுவார் யாருமில்லை. மூன்றாம் நாள் ‘அடிடா’ என்று கத்தினார். எதிரே நின்ற பையனால் அடிக்க முடியவில்லை. அப்புறம் அவர் மட்டையைத் தொடவே இல்லை. கால் போனதால் ஆட்டத்தை விட்டார் என்றுதான் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். கால் போன பிறகும் மூன்று நாள் ஆட்டம் அவரிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டவர்கள் அவர்மேல் பிரியமுள்ளவர்கள்.

நம் எழுத்து உலகில் அந்தப் பையனை அடிக்கடி பார்க்கிறேன். கவிஞர் நோயாளி என்றால், வறுமையில் உழல்பவர் என்றால், மதிப்புரை கவிதையை விட்டுவிட்டு வாழ்க்கையைப் பாராட்டத் தொடங்குகிறது. வரி தளர்ந்திருக்கிறது, உவமை இரவல் என்று சொல்ல நா எழுவதில்லை. மனிதாபிமானம் என்று இதற்குப் பெயர். மதிப்புரைக்காரர் தெரிந்தோ தெரியாமலோ சொல்வது, ‘உங்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை’ என்பதுதான். நான் பகலெல்லாம் வங்கியில் எண்களோடு இருக்கிறவன். கணக்கில் ரொக்கம் குறைந்தால் ஆளின் சோகத்தைச் சொல்லி அதை நேராக்க முடியாது. ஆளுக்கு உதவலாம், கடன் கொடுக்கலாம். கூட்டலை மாற்றக் கூடாது.

பாராலிம்பிக்கைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே உடற்குறையின் தன்மையைப் பார்த்து வகை பிரிக்கிறார்கள். பிரித்தபின் கடிகாரம் யாருக்கும் நின்று ஓடுவதில்லை. விட்டுக்கொடுத்து ஆடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதே 2008-இல், அதே பெய்ஜிங்கில், து டோய் அங்கே 5 தங்கம் வென்றார். இரண்டு போட்டிகளிலும் தன் நாட்டின் கொடியை ஏந்தி அணிவகுப்பில் நடந்தார்.

ஐந்து தங்கத்தையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் மனசில் தங்குவது அந்த 16-தான். அவருக்கு முன்னால் வந்த 15 பேரும் அவரைத் தாண்டிப் போக உண்மையாகவே முயன்றார்கள். அவரைப் போட்டியாளராக நினைத்து நீந்தினார்கள். அண்ணன் கேட்டும் கிடைக்காதது அது.