ஸ்தோத்திரக் காணிக்கைக்குப் பின்



ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளை வாசிக்கும் நேரம் உங்களுக்குத் தெரியும். வேலை கிடைத்ததற்காக, பரீட்சையில் தேறியதற்காக, லாரி ஓட்டும் மகன் விபத்துக்குத் தப்பியதற்காக என்று நன்றிகள் வரிசையாக வரும். அவற்றுள் ஆண்டுக்கு மூன்று நான்கு உறைகளிலாவது இப்படி ஒரு வரி இருக்கும்: குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்த எங்கள் பிள்ளையை ஆண்டவர் சுகத்தோடு வீடு சேர்த்ததற்காக. வாசித்ததும் சபை முழுவதும் ஆமென் சொல்கிறது. வாசலில் அந்தத் தாயைச் சூழ்ந்துகொண்டு, “பிள்ளை பிழைச்சிக்கிச்சு, இனிமே கவலையில்ல” என்கிறார்கள்.

அந்தக் கடைசி வார்த்தையைக் குறித்தே இந்த வாரம் எழுதுகிறேன்.

மருத்துவமனை ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதன் பொருள் என்ன? குழந்தை தானாக மூச்சுவிடுகிறது, பால் குடிக்கிறது, எடை கூடுகிறது, உடல் சூட்டைக் காத்துக்கொள்கிறது, அவ்வளவே. கண் பார்க்குமா, காது கேட்குமா, கழுத்து நிற்குமா, பேச்சு வருமா என்ற கேள்விகளுக்கு அன்றைக்கு எந்த மருத்துவராலும் முழு விடை தர இயலாது. அந்த விடைகள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வருபவை. அதனால்தான் டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் சில தேதிகளை எழுதித் தருகிறார்கள். மடித்துப் பைக்குள் வைத்த அந்தச் சீட்டு பல வீடுகளில் மறுபடியும் விரிக்கப்படுவதில்லை.

இதன் விலை என்னவென்று நம் நகரத்தில் நடந்த ஒரு வழக்கே காட்டும். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996 ஆகஸ்ட் 30 அன்று ஒரு பெண் குழந்தை 29ஆம் வாரத்திலேயே பிறந்தது. எடை 1,250 கிராம். ஏறக்குறைய 25 நாட்கள் தீவிர சிகிச்சையில் வைத்துக் காப்பாற்றி, செப்டம்பர் 23 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெற்றோரும் நம்மைப் போலவே மகிழ்ந்திருப்பார்கள். சில மாதங்கள் கழித்துத்தான் குழந்தைக்குப் பார்வை இல்லை என்பது தெரிந்தது. அமெரிக்கா வரை கொண்டுபோயும் பார்வை திரும்பவில்லை. உரிய வாரத்தில் கண் பரிசோதனை செய்யப்படவில்லை, அது தேவை என்று எங்களுக்குச் சொல்லவுமில்லை என்று தகப்பனார் வழக்குத் தொடுத்தார். 2009இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்கியது. அவர் அதோடு நிற்கவில்லை. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அவர் சொன்னதை ஏற்று, ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது 18.

அந்தக் கண்களில் நேர்ந்தது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். நம் விழித்திரைக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய நாளங்கள் தாயின் வயிற்றில் மெல்ல மெல்ல வளர்ந்து, பேறுகாலம் நெருங்கும்போதுதான் ஓரம் வரை சென்று முடிகின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது. பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து, சில குழந்தைகளுக்கு விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். உயிரைக் காக்கக் கொடுக்கும் ஆக்சிஜன் அளவு மீறினால் இந்நோய் கடுமையாகும் என்பதை மெல்பர்ன் நகரத்து மருத்துவர் கேட் கேம்ப்பெல் 1951இல் எடுத்துக்காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் குழந்தையின் கண் அழகாகவே இருக்கும். பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பயிற்சி பெற்ற கண் மருத்துவர் பார்த்தாலொழியத் தெரியாது. உரிய நேரத்தில் கண்டால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். ஆகவே 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கும், பிறந்த 30 நாளுக்குள் கண் பரிசோதனை என்பது நம் நாட்டில் இன்றுள்ள விதி. மிகவும் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். ஒரு முறை பார்த்தால் போதாது. நாளங்கள் வளர்ந்து முடியும் வரை திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள்.

அன்று அந்தப் பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. இன்று சொல்லி, எழுதியும் கொடுக்கிறார்கள். போகாத வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. இது சோம்பலினால் அல்ல என்பதை இந்த ஊரில் ஊழியம் செய்கிற நான் அறிவேன். கணவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. அறுவை சிகிச்சை செய்த வயிற்றோடு, துணியில் சுற்றிய குழந்தையை ஏந்தி, கண்டெய்னர் லாரிகள் மறித்து நிற்கும் எண்ணூர் சாலையைக் கடந்து அந்தப் பெண் தனியாகப் போக வேண்டும். போனால் வரிசை. உள்ளே குழந்தையின் இமையை விரித்துப் பார்க்கும்போது அது வீறிட்டு அழுவதைத் தாயால் தாங்க முடிவதில்லை. வீட்டிலோ மாமியார், “நல்லாத்தான கீது பாஸ்டர், எதுக்கு மறுக்கா ஆஸ்பத்திரி?” என்கிறார். அவர் கேட்பதிலும் அன்பு இருக்கிறது.

இவற்றோடு நம்முடைய வேதபாடமும் ஒரு தடையைச் சேர்த்துவிட்டது. சாட்சி சொல்லியாயிற்று, காணிக்கை செலுத்தியாயிற்று, இனி மருத்துவமனைக்குப் போவது அவிசுவாசம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. எசேக்கியா ராஜாவின் சம்பவத்தை அவர்கள் நிதானமாக வாசிக்க வேண்டும். அவன் ஜெபித்தான், சுகம் தருவேன் என்ற வாக்கு வந்தது, அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாதான் அத்திப்பழத்தை எடுத்துக் கட்டியின் மேல் வைக்கவும் சொன்னார். வாக்குக்கும் மருந்துக்கும் அங்கே ஒரு சண்டையும் இல்லை.

மருத்துவர்களே குழந்தையின் கணக்கை டிஸ்சார்ஜ் அன்று முடிப்பதில்லை. பிறந்ததும் அழாமல், மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோன குழந்தைகளைப் பற்றி இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சென்னையும் அதில் ஒரு களம். மேலைநாடுகளில் இத்தகைய குழந்தைகளின் உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கிறார்கள். இங்கும் அது பலன் தருமா என்பதே கேள்வி. 408 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பதோடு நிறுத்தாமல், பதினெட்டு மாதம் கடந்தபின் எத்தனை பேர் ஊனமின்றி வாழ்கிறார்கள் என்பதைக் கொண்டே முடிவைக் கணக்கிட்டார்கள். 2021இல் வெளியான விடை எதிர்பாராதது. இறப்பும் மிதமான அல்லது கடும் ஊனமும் சேர்ந்த பங்கு குளிர்வித்த பிரிவில் 50 சதவீதம், குளிர்விக்காத பிரிவில் 47 சதவீதம். இறப்பை மட்டும் பார்த்தால் குளிர்வித்த பிரிவில்தான் அதிகம். அறிவியலுக்கு இப்படியும் தாழ்மை வேண்டியிருக்கிறது. பதினெட்டு மாதம் காத்திருந்து எண்ணிய அந்தப் பொறுமையை நாம் கற்றுக்கொள்ளலாம்.

வீட்டில் நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? முதலாவது, வயதைச் சரியாக எண்ணுங்கள். நாற்பது வாரம் இருக்க வேண்டிய குழந்தை 32ஆம் வாரத்தில் பிறந்தால் எட்டு வாரம் முன்னால் வந்துவிட்டது. நாட்காட்டியின்படி அதற்கு ஆறு மாதம் ஆகும்போது வளர்ச்சிக் கணக்கில் நான்கு மாதம்தான். இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பார்க்க வேண்டும். (தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது; அது பிறந்த நாளிலிருந்து எண்ணுவது.) இது தெரியாததால், பக்கத்து வீட்டுக் குழந்தை குப்புற விழுந்துவிட்டதே என்று இரவெல்லாம் அழுத தாய்மாரைக் கண்டிருக்கிறேன்.

நம் தமிழ்ப் புலவர்கள் பிள்ளைத்தமிழில் பருவங்களை மாதக் கணக்கோடு வகுத்தார்கள்: கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம், உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். குழந்தை நல மருத்துவரின் அட்டையிலும் ஏறக்குறைய அதே வரிசைதான் இருக்கிறது. கழித்து எண்ணிய வயதில் இரண்டு மூன்று மாதமாகியும் தாயின் முகம் பார்த்துச் சிரிக்காதது, நான்கைந்து மாதமாகியும் தலை நிற்காதது, உடல் கட்டைபோல் விறைப்பது அல்லது துணிபோல் துவள்வது, ஒரு வயதுக்குள்ளேயே எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டுவது, கதவு சாத்தும் சத்தத்துக்கும் திடுக்கிடாதது: இவற்றில் ஒன்றைக் கண்டால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் போங்கள். கண்டதெல்லாம் நோயாகவே இருக்கும் என்பதில்லை. ஆனால் மூளை வேகமாக வளர்ந்து தன்னை அமைத்துக்கொள்ளும் காலம் அந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளே. கடும் மஞ்சள் காமாலை கண்ட குழந்தைக்கும், வெகுநாள் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்கும் செவிப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குதல் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. காது கேளாத குழந்தையின் பேச்சு அந்த மாதங்களில்தான் தப்பிப்போகிறது.

இதற்கெல்லாம் வழியில்லை என்று நாம் சொல்ல முடியாது. ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டம் 2013இல் தொடங்கியது. பிறப்பு முதல் 18 வயது வரை பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சைக்கு அனுப்புவது அதன் வேலை. அதன்கீழ் மாவட்டங்களில் ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. நீங்கள் பிரசவமான மருத்துவமனையிலேயே கேட்டால் வழி சொல்வார்கள். தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம் 1989 முதல் இதற்கென்றே நடக்கிறது. அங்கே தாயும் குழந்தையோடு உட்கார்ந்து பயிற்சியைக் கற்றுக்கொள்கிறார், ஏனெனில் வீட்டில் தினமும் செய்ய வேண்டியவர் அவர்தான். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. அதே ஆண்டு முதல் மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. இன்னும் இல்லாமல் இருப்பது கூடப் போக ஓர் ஆள்.

எல்லாத் தேதிக்கும் தவறாமல் சென்ற பிறகும் சில பிள்ளைகள் தாமதமாகவே நடப்பார்கள், சிலர் நடக்கமாட்டார்கள். அங்கே நம் சபைகள் கேட்கும் கேள்வி எனக்குக் கோபமூட்டுகிறது. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், எந்தச் சாபம், யார் செய்த பாவம்? பிறவிக் குருடனைக் கண்டபோது சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள். இவன் பாவமும் இல்லை, இவனைப் பெற்றவர்கள் பாவமும் இல்லை என்ற பொருளில் ஆண்டவர் சொன்ன பதில் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் கைகளில் இருக்கும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் தெருமுனையில் அந்தத் தாயைப் பார்த்துக் குசுகுசுக்கிறோம். பூனம் நடராஜன் என்னும் தாய் 1985இல் சென்னையில் வித்யாசாகர் அமைப்பைத் தொடங்கினார். அவருடைய மகனுக்கு மூளை முடக்குவாதம் இருந்தது. அத்தகைய தாயிடம் பரிதாபம் காட்டி நகர்வதைவிட, ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு, “நீ போய்க் குளிச்சிட்டு வாம்மா” என்பது நல்லது.

அன்னாளை நினைத்துப் பாருங்கள். கேட்டுப் பெற்ற பிள்ளையைத் தேவாலயத்தில் விட்டு, நன்றிப் பாடலும் பாடி முடித்த பிறகு, அவள் வருஷந்தோறும் ஒரு சிறிய சட்டை தைத்துக் கொண்டுபோனாள். ஒவ்வொரு வருஷமும் அளவு மாறியிருக்கும் அல்லவா? கூடவே இல்லாத பிள்ளையின் தோள் எவ்வளவு அகன்றிருக்கும் என்று அவள் எண்ணி எண்ணித்தான் துணியை வெட்டியிருப்பாள்.

சபையின் பிறந்தநாள் பதிவேட்டில் இவ்வாண்டு முதல் ஒரு பத்தி கூட்டியிருக்கிறோம்: அடுத்த பரிசோதனைத் தேதி. பெற்றோர் விரும்பினால் எழுதுகிறோம், விரும்பாவிட்டால் கேட்பதில்லை. வரும் செவ்வாய்க்கிழமை இரண்டு தாய்மார் எழும்பூர் போகிறார்கள். காலை ஏழு மணிக்குத் தேரடி மெட்ரோ நிலையத்தில் கூடுவார்கள். ஒருவருக்கு வாலிபர் சங்கத்திலிருந்து ஒரு சகோதரி துணைக்கு வருகிறார். மற்றவருக்கு இன்னும் யாரும் அமையவில்லை. அன்று விடுப்பு எடுக்கக் கூடியவர்கள் சபைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். மதியச் சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள், வரிசை நீளமாக இருக்கும்.