பெயர் தேடும் வேலை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மதுரை ரோட்டில் போனால் கிருஷ்ணன்கோவில். அங்கே அப்போது கல்லூரியாக இருந்த கலசலிங்கம் நிறுவனத்திலிருந்து 2004-இல் ஒரு கணித ஆய்விதழ் கிளம்பியது: ஏ.கே.சி.இ. இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் கிராஃப்ஸ் அண்ட் காம்பினடோரிக்ஸ். தொடங்கியபோது முதன்மை ஆசிரியர் பேராசிரியர் எஸ். ஆறுமுகம். இன்று டெய்லர் அண்ட் பிரான்சிஸ் வெளியிடுகிறது. ஏ.கே.சி.இ. என்ற நான்கு எழுத்தில் அந்தக் கல்லூரியின் பெயர் அப்படியே இருக்கிறது. சர்வதேச இதழை நம் ஊர்ப்பக்கமிருந்தே நடத்தலாம் என்ற நம்பிக்கை, கிராஃப் தியரி படித்த எனக்கு அதனால்தான் வந்தது.

நான் வேறோர் இதழில் துணை ஆசிரியர். கட்டுரை வந்ததும் மதிப்பாய்வாளர்களைத் தேட வேண்டும். ஆசிரியர் குழுவில் நாளை யார் இருப்பார் என்பது இங்கேதான் முடிவாகிறது. நன்றாக மதிப்பாய்வு செய்தவரைத்தான் குழுவுக்கு அழைப்பார்கள். அவசரத்தில் நினைவுக்கு வருவதோ மாநாட்டில் பழகியவரின் பெயர். எங்கள் பக்கம் எம்.எஸ்சி. கணித வகுப்பில் பெண்கள்தான் அதிகம். 2016-இல் ஆய்வாளர்கள் டோபாஸ், சென் இருவரும் 435 கணித இதழ்களை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கிலோ, ஆசிரியர் பொறுப்புகளில் பெண்கள் வெறும் 8.9 சதவீதம்.

அதனால் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் தெரிந்த பெயரோடு நிற்க மாட்டேன். கூட எழுதியவர் யாரென்று பார்ப்பேன். நம் பெண்களைத் தேடத் தனிப் பொறுமை வேண்டும். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல். ஒரே ஆள் தரவுத்தளத்தில் இரண்டு பேராகிவிடுவார். இருவருமே அனுபவம் குறைந்தவராகத் தெரிவார்கள். தலைப்பு, உடன் எழுதியவர், பழைய கல்லூரி எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தால்தான் முழு உழைப்பும் கண்ணில் படும். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் இருந்தால் இந்தப் பாடு இல்லை. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே அதை எடுத்துவிடும்படி மாணவிகளிடம் விடாமல் சொல்கிறேன்.

சிற்றூர்க் கல்லூரிக்காரர்களுக்கு மின்னஞ்சல் குறுக்கே நிற்கும். பலரிடம் இருப்பது ஜிமெயில்தான். இதழ்கள் நிறுவன முகவரி கேட்கும். போலி மதிப்பாய்வாளர்களுக்குப் பயந்து வந்த நியாயமான விதி. கல்லூரி இணையதளத்தில் சரிபார்த்து, இவர் இன்னார் என்று முதன்மை ஆசிரியருக்கு நானே எழுதிவிடுவேன்.

ஒருவரின் பெயரை ஆசிரியர் குழுவில் சேர்த்துவிட்டு ஒரு கட்டுரையும் தராமல் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புதிதாக வருகிறவருக்குச் சிக்கலான கட்டுரையையே கொடுங்கள் என்று கேட்பேன்: ஒரு மதிப்பாய்வாளர் வெளியிடலாம் என்கிறார், இன்னொருவர் கூடாது என்கிறார். அப்போது நிரூபணத்தை வரிவரியாக அவரே பார்த்து, முடிவைத் தன் பெயரில் எழுதியாக வேண்டும்.