சீயாவின் மண்ணில் குறை இல்லை

பூச்சாடிகளில் பெயின்ட் உரிந்ததற்கு மண்தான் காரணம் என்று நான் ஒருவரிடம் சொன்னேன். அது பொய். சொல்லும்போதே பொய் என்று எனக்குத் தெரியும்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வீதியோரம் எனக்கு ஒரு பூக்கன்றுக் கடை இருக்கிறது. வாசனைத் திரவியத் தோட்டம் பார்க்க வரும் வாகனங்கள் சில என் கடையிலும் நிற்கும். மண்சாடிகளை ஒரு வயதான சிங்களக் குயவரிடம் வாங்குவேன். ஊரே அவரைச் சீயா, அதாவது தாத்தா என்றுதான் கூப்பிடும். அவர் என்னைத் துவ, மகள் என்பார்.

ஒரு விடுதிக்காரர் வந்து பெரிய ஓடர் ஒன்று கொடுத்தார். முற்றத்தில் வரிசையாக வைக்கச் சாடிகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சிகிரியாப் பெண், கீழே விடுதியின் பெயர். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் முடிய வேண்டும். "நிறம் நிக்குமா?" என்று கேட்டார். "சிகிரியாவில 1,500 வருஷமா நிக்குதுதானே" என்றேன். அந்த ஓவியங்கள் மழை படாத பாறைக் குடைவுக்குள், சாந்து பூசி அதன் மேல் தீட்டியவை. பூச்சாடி தினமும் தண்ணீர் குடிப்பது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினேன். ஓடர் கிடைத்தது.

எப்படிச் செய்வது என்று யோசித்தபோது ஹபுவித அரக்கு வேலைதான் முதலில் நினைவுக்கு வந்தது. எங்கள் மாவட்டத்துக் கைவேலை. அரக்கைக் கரி நெருப்பில் இளக்கி, நூலாக இழுத்து, மரத்தின் மேல் பதித்து, கட்டைவிரல் நகத்தால் வெட்டி வெட்டிக் கோலம் அமைப்பார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை நூலில் இந்த அரக்கு வேலைக்கும் இடம் உண்டு. ஆனால் அரக்கு சூட்டில் இளகும், ஈரத்தில் வெளிறும். வெளியில் வைக்கும் சாடிக்கு ஆகாது. அதைக் கைவிட்டேன். இந்த விஷயத்தில் நான் சரியாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

பிறகு சீயாவிடம் போனேன். அவர் ஒரு பச்சைச் சாடியை எடுத்தார். பாதி காய்ந்தது. வயிற்றில் நகத்தால் அழுத்திப் பதம் பார்த்தார். சீவிய மூங்கில் குச்சியால் ஒரு தாமரை இதழைக் கீறினார். கீறலின் ஓரத்தில் எழும்பிய மண்ணைப் பெருவிரலால் தடவிவிட்டார். வெண்களியைக் கூழாகக் கரைத்து, கீறலுக்குள் தூரிகையால் ஒரே இழுப்பு. "சுடுறதுக்கு முந்திப் போட்டா மண்ணோட சேர்ந்திடும் துவ. சுட்ட பிறகு பூசுறது சட்டை போட்ட மாதிரி, கழண்டிடும்" என்றார். நிறம் காவியும் வெள்ளையும்தான் வரும். நிழலில் மெதுவாகக் காய வேண்டும். சூளை நிறையும் வரை பொறுக்க வேண்டும். புத்தாண்டுக்கு முடியாது. "அந்த மாத்தயாகிட்டக் கொஞ்சம் நாள் கேட்டுப் பாரு" என்றார்.

நான் கேட்கவில்லை. கேட்டால் ஓடர் வேறு கைக்குப் போய்விடும் என்று பயந்தேன். அது ஒரு காரணம். மற்றதைச் சொல்லத்தான் கூசுகிறது. சீயா கீறினால் அது சீயாவின் வேலை. படம் வரைந்தவள் நான் என்று விடுதிக்காரர் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தப் பெருமைக்காகவே சுட்ட சாடிகளை வாங்கி, எனாமல் பெயின்ட் அடிக்க முடிவெடுத்தேன்.

வர்ணம் தீட்ட ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள். நான் காகிதத்தில் வரைந்ததைச் சாடியின் வளைவில் கோணாமல் ஏற்றினாள். கண்களை மட்டும் கடைசியாகத் தீட்டுவாள். "அக்கா, உள்பக்கம் தண்ணி ஊறாம ஏதாச்சும் பூச வேணாமா?" என்று கேட்டாள். ஹார்ட்வெயார் கடைக்காரரும் அதையே சொல்லியிருந்தார். இரண்டு பூச்சுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் பார்த்தேன். "தேவையில்லை, நீ தீட்டு" என்றேன்.

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஊற்றும் தண்ணீர் அதன் வழியே வெளிப்பக்கம் கசியும். மண்ணிலும் உரத்திலும் உள்ள உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். வெளியே எனாமல் மூடியிருந்தால் உப்பு அதன் அடியில் படிந்து, பெயின்ட்டை உள்ளிருந்து தள்ளும். சாடியில் எந்தக் குறையும் இருக்க வேண்டியதில்லை. நல்ல சாடியிலும் இதுதான் நடக்கும்.

நடந்தது. விடுதிக்காரர் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பிள்ளை தீட்டிய முகங்கள் செதில் செதிலாக எழும்பி நின்றன. அடியில் வெள்ளைப் பொடி. "என்ன இது?" என்றார். நான் குனிந்து ஒரு செதிலைப் பிய்த்தேன். பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை, எனக்குக் காரணம் தெரியும். பதிலைத் தேட நேரம் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "மண் சரியில்லை. சூளையிலயும் ஒழுங்கா வேகல்ல போல" என்றேன். அவர் நம்பினார்.

அந்த விடுதியின் சமையலறைக்குத் தயிர்ச் சட்டிகள் சீயாவிடமிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. அது நின்றது. விடுதிக்காரர் தமக்குத் தெரிந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைக்குப் பேசிய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டேன். வேலை உரிந்துவிட்டதே என்று அவளிடமும் நியாயம் பேசினேன். உள்பக்கம் பூசச் சொன்னவளே அவள்தான். அவள் அதை நினைவுபடுத்தவில்லை. "சரி அக்கா" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அந்தப் பேச்சு காதில் விழுந்து சீயாவும் நம்பிவிட்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த முறை போனபோது, வழக்கமாக மண் வெட்டும் இடத்தை விட்டு, வாகனக் கூலி கொடுத்துத் தூரத்திலிருந்து மண் இறக்கியிருந்தார். சூளைக்கு விறகும் கூடுதலாகப் போட்டுப் பார்த்தாராம். சட்டிகள் சில வெடித்துப் போயிருந்தன. வெடித்த துண்டு ஒன்றை என் கையில் தந்து, "துவ, நீ பாத்தியே, என் மண்ணில என்ன குறை?" என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க மண் பிசைந்தவர் என்னிடம் கேட்டார். "தெரியாது சீயா" என்றேன். முதல் பொய் அவர் இல்லாத இடத்தில் சொன்னது. இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

பிள்ளையின் மிச்சக் கூலியை வெகுநாள் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அம்மா வாங்கிக்கொண்டார். அவள் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டாளாம். விடுதிக்காரரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் இப்போது பிளாஸ்டிக் சாடி வைத்திருக்கிறார். தயிரும் பிளாஸ்டிக் கோப்பையில் வருகிறது. "இப்ப சொல்லி என்ன?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

சீயாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே இங்கே எழுதியதால் அவரிடம் சொன்னதாகிவிடாது. அதை நேரில் போய், அவர் மொழியில், என் வாயால் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. இன்றும் அவரிடம்தான் சாடி வாங்குகிறேன்.