மணமில்லாத நஞ்சு

2022ஆம் ஆண்டு நோன்பு மாதத்தை எங்கள் வீட்டில் யாரும் மறக்க மாட்டோம். அந்த மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு பிறந்தது. தடை நேரம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

என் உம்மாவுக்கு இழுப்பு நோய். நெபுலைசர் இல்லாமல் சில இரவுகள் கழியாது. கணவரோ கத்தாரில். அவர் அனுப்பிய பணத்தில் மைத்துனர் ஒரு சிறிய பெற்றோல் ஜெனரேட்டர் வாங்கிக்கொண்டு வந்தார். கயிற்றை இழுத்து இயக்கிக் காட்டிவிட்டுப் போனார். எங்கே வைப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒருநாள் நோன்பு திறந்து சற்று நேரத்தில் கரண்ட் போனது. வெளியே மழை. ஏறாவூரில் அப்போது பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம். முற்றத்தில் வைத்தால் களவு போய்விடும் என்ற பயம் வேறு. அடுப்படியை ஒட்டிய பின்பக்கச் சாய்ப்பில் ஜெனரேட்டரை வைத்து இயக்கினேன். தூவானம் அடிக்கிறது என்று ஜன்னல்களையும் சாத்தினேன். வெளிச்சம் வந்தது, மின்விசிறி சுழன்றது. உம்மா மருந்தைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

தராவீஹ் தொழும்போது எனக்குத் தலை இடித்தது. நோன்புக் களைப்பு என்று நினைத்தேன். சின்னவன் வாந்தி எடுத்தான். நோன்பு திறக்கும்போது அவசரமாகத் தின்ற பலகாரம் என்று நினைத்தேன். அந்த நேரம் பக்கத்து வீட்டு ராத்தா கைபேசிக்கு சார்ஜ் ஏற்ற வந்தா. அவ ஒரு தாதி. வாசலில் கால் வைத்ததுமே, “என்ன தங்கச்சி, மெஷினை வீட்டுக்குள்ளயா வெச்சிருக்கிறீங்க? உம்மா எங்க?” என்று சத்தம் போட்டா. உம்மாவை எழுப்பினோம். எழும்பவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கி மழையிலேயே முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். பிறகு முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்கு. ஒட்சிசன் கொடுத்த பின்னர்தான் உம்மா கண் விழித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

டாக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். காபனோரொட்சைட்டு என்று பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்திருப்போம். எஞ்சின் புகையோடு அதுவும் வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஈமோகுளோபின் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், உடற்சோர்வு: இவைதாம் அடையாளங்கள். தூங்குகிறவருக்கு இந்த அடையாளங்களும் தெரியாது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானாவை லோரா சூறாவளி தாக்கியபோது, காற்றுக்கும் வெள்ளத்துக்கும் தப்பியவர்களில் பலர் ஜெனரேட்டர் புகையால்தான் இறந்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு.

இப்போது எங்கள் வளவின் கோடியில், வீட்டிலிருந்து இருபது அடிக்கு அப்பால், நான்கு கால் நட்டு மேலே தகரம் போட்டிருக்கிறோம். நான்கு பக்கமும் திறந்தபடி. களவுக்குச் சங்கிலியும் பூட்டும். ஊரில் வளவுகள் நெருக்கமானவை. நம் வீட்டுக்குத் தூரமாக வைக்கிறோம் என்று அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேரே புகையை விடக்கூடாது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மறுமையில் கேள்வி உண்டு.

இயக்குவதையும் முறையாகப் பழகிக்கொண்டேன். முதலில் ஒயில் அளவைப் பார்ப்பேன். எந்தப் பொருளும் செருகியிருக்கக் கூடாது. பெற்றோல் குழாயைத் திறந்து, சோக்கை மூடி, சுவிட்சைப் போட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து, கைக்குப் பிடிப்புத் தெரிந்ததும் ஒரே இழுப்பு. எஞ்சின் சூடேறச் சோக்கைத் திறந்துவிட்டு, சத்தம் சீரான பிறகு பொருட்களை ஒவ்வொன்றாகச் செருகுவேன். குளிர்சாதனப் பெட்டி தொடங்கும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆகவே அது முதலில், விளக்குகள் பிறகு. நிறுத்தும்போது முதலில் பொருட்களைக் கழற்றி, சற்று ஓடவிட்டு, பிறகு சுவிட்ச். ஓடும்போதும் சூடாக இருக்கும்போதும் பெற்றோல் ஊற்றுவதில்லை. கால் மணி நேரமாவது ஆறவிடுவேன். ஈரக் கையால் தொடுவதில்லை. பெற்றோல் கேனை வீட்டுக்குள், அதிலும் அடுப்படிக்குள் வைப்பதே இல்லை.

இன்னொன்று. இரண்டு பக்கமும் பிளக் உள்ள ஒரு வயரை மைத்துனர் கொண்டுவந்தார். அதைச் சுவரில் செருகினால் வீடு முழுவதும் வெளிச்சம் வருமாம். வயரிங் செய்யும் தம்பி அதைக் கண்டதும் வாங்கி வெட்டிப்போட்டார். அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டி வெளிக் கம்பிக்குப் போகும். ட்ரான்ஸ்போமரில் ஏறி ஆயிரக்கணக்கான வோல்ற்றாக மாறும். கரண்ட் இல்லை என்று நம்பித் தூணில் ஏறி வேலை செய்கிறவர் கருகிப்போவார். நம் வீட்டு வெளிச்சத்துக்காக இன்னொரு வீட்டு விளக்கை அணைக்கலாமா? வீடு முழுவதற்கும் வேண்டுமானால், தெரிந்தவரைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்டவேண்டும்.

1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு குப்பி விளக்கில் இருந்த நாட்களை உம்மா அடிக்கடி சொல்வார்கள். படுக்கப்போகும்முன் மூத்தம்மா ஒவ்வொரு விளக்காக ஊதி அணைப்பாவாம். தூங்குமுன் விளக்குகளை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். எலி திரியை இழுத்துப்போய் வீட்டையே எரித்துவிடலாம் என்று காரணமும் சொன்னார்கள். “அந்த ஹதீஸ் இந்த மெஷினுக்கும் சேர்த்துத்தான் மகள்” என்கிறார்கள் உம்மா. இப்போது நான் படுக்குமுன் போய் நிறுத்திவிட்டுத்தான் வருகிறேன்.

சகோதரிகளே, நம்மில் பலருடைய வீட்டு ஆண்கள் வெளிநாட்டில். கரண்ட் போகும் இரவில் கயிற்றை இழுப்பவர்கள் நாம்தான். ஆகவே அறிந்துகொள்ள வேண்டியவர்களும் நாம்தான். அன்று ராத்தாவை எங்கள் வாசலுக்கு அனுப்பியவன் அல்லாஹ். உங்கள் வீடுகளையும் அவன் காப்பானாக. ஆமீன்.